மில்லுக்கார அக்காவின் பசி

செண்பகவடிவின் நெஞ்சைத் திறந்து, புற்று பிடித்த உணவுக்குழாயை அறுத்தெடுத்துவிட்டு, இரைப்பையை ஒரு நீளக் குழல்போலத் தைத்துக் கழுத்துவரை மேலே இழுத்து ஒட்டினார்களே, அந்த நேரத்தில்தான் அவளுடைய பசி இறங்கி வெளியே போயிருக்க வேண்டும். மூடித் தைப்பதற்கு முன்னால் கத்தியை எண்ணினார்கள், கத்தரியை எண்ணினார்கள், பஞ்சுத் துண்டுகளை இன்னொரு தடவையும் எண்ணினார்கள். பசி உள்ளே இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. உயிரைக் காப்பாற்றியவர்கள். பசி என்பது எண்ணி உள்ளே வைக்கவேண்டிய பொருள் என்று எந்தப் பாடத்திலும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குத் திரும்பியபோது வடிவின் வயிற்றில் இடது பக்கம் ஒரு மெல்லிய குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வழியாகத்தான் பால்போன்ற ஒரு திரவம் சொட்டுச் சொட்டாகக் குடலுக்குள் இறங்கி அவளை உயிரோடு வைத்திருந்தது. தட்டையாகப் படுத்தால் உள்ளிருப்பதெல்லாம் தொண்டைக்கு ஏறிவிடும் என்பதால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினாள். குரல், பட்டை தேய்ந்த மில் ஓடுவதுபோலக் கரகரத்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நாலு கரண்டி கஞ்சி, ஒரு துண்டு இட்லி, அரை முட்டை என்று வாய் வழியாகவும் போயாக வேண்டும். கொஞ்சம் இனிப்புக் கூடினாலும் நெஞ்சு படபடத்து வேர்த்துக் கொட்டி ஆளைச் சாய்த்துவிடும். டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்: பசிக்காது, பசிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும், வாய் வழியாகப் போதுமான அளவு இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம், எடை இன்னும் குறைந்தால் திரும்ப வந்து படுக்க வேண்டியதுதான், குழாய் நிரந்தரமாகிவிடவும் கூடும்.

ஆகவே வடிவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் குழாய் போக வேண்டும். அதற்கு அவள் சாப்பிட வேண்டும். ஆனால் கடிகாரத்தைப் பார்த்து எத்தனை பேரால் சாப்பிட முடியும், நீங்களே சொல்லுங்கள். கரண்டி வாய்க்கருகே வரும்போது அவளுக்கு அது சாப்பாடாகவே தெரியவில்லை. யாரோ ஒரு தெரியாத ஆளை வீட்டுக்குள் விடச் சொல்வதுபோல இருந்தது.

இத்தனைக்கும் வடிவின் பசி சாதாரணப் பசியில்லை. கிட்டங்கித் தெருவில், பருத்தி மூட்டைகள் அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கிகளில் ஒன்றைத் தடுத்து அவளும் அவள் வீட்டுக்காரர் பேச்சிமுத்துவும் நடத்தும் மாவு மில்லில், முடியெல்லாம் மாவு படிந்து நரைத்தவள்போல அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடது முழங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, சின்ன வெங்காயத்தைக் கட்டை விரலால் நசுக்கிக் கடித்து, சோற்றுப் பானையின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தரச் சொல்லி வாங்கி, கடைசியில் ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லி உறிஞ்சிக் குடித்தால்தான் அந்தப் பசி அடங்கும். தெருவே அவளை மில்லுக்கார அக்கா என்று கூப்பிட்டது. மில்லுக்கார அக்காவின் பசி அத்தனை பேருக்கும் அத்துப்படி.

அதனால்தான் அது வந்தபோது எல்லோரும் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

முதலில் சொல்ல வந்தவள் அடுத்த வீட்டு பீர்முகமதுவின் மனைவி ஜன்னத். வந்தவள் கட்டிலோரம் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, சொல்லாமல் இருந்தால் நன்றாயிருக்காது என்பதுபோலத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா, நேத்து மத்தியானம் உங்க பசி எங்க வீட்டுக்கு வந்திருந்துச்சு."

வடிவு தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "என்ன போட்ட?"

"ஊளி மீன் கொழம்பு."

"நல்லாத் தின்னுச்சா?"

"காந்தல் கேட்டுச்சுக்கா. எங்க வீட்ல குக்கர்லா, காந்தல் ஏது."

நீங்கள் கேட்கலாம், உடம்பை விட்டு ஒரு பசி தனியாக நடந்து போய் அடுத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறது, தெரு ஆச்சரியப்படவில்லையா என்று. இல்லை. எதற்கு ஆச்சரியப்பட வேண்டும்? சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்று வாசலில் வந்து நின்றால் தட்டை வைப்பார்கள், அதற்கு மேல் அதில் யோசிக்க என்ன இருக்கிறது. அடுப்படி வாசலில் ஓரமாக ஓர் இடம் நிறைந்தாற்போல இருக்கும், வைத்தது குறையும், வெங்காயம் நசுங்கும் சத்தம் கேட்கும். பிள்ளைகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். சைவச் சாப்பாட்டுக்காரரான சிதம்பரம் வீட்டில் அது அவியலை முகர்ந்துவிட்டு எழுந்து போய்விட்டதாம், அதில் அவர் மனைவிக்கு மனத்தாங்கல். ஜன்னத் வீட்டில் நோன்புக் காலத்தில் பாங்கு சொல்லும்வரை ஒரு சத்தம் போடாமல் கஞ்சிக்குக் காத்திருந்ததாம். அதே பசி, பெஞ்சமின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அவர்கள் வருவதற்குள் கறிச் சட்டியில் கையை விட்டுவிட்டதாம். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் தைலாவுக்கு எதிரே போய் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் அழுதுவிட்டு ஒரு தோசை சுட்டுக் கொடுத்து, தானும் ஒன்றைப் பிய்த்துத் தின்று, அந்த வாரத்து விரதத்தை அத்தோடு முடித்துக்கொண்டாள்.

நாளாக ஆக, அது வருவது ஒரு பெருமையாகிவிட்டது. நேத்து எங்க வீட்லதான் என்று குழாயடியில் ஒருத்தி சொன்னால், எங்க வீட்ல ரெண்டு நேரமும் என்று இன்னொருத்தி சொன்னாள். எல்லோரும் வடிவிடம் வந்து கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்கள். வடிவுக்கு அதைக் கேட்பது கல்யாணம் பண்ணிக் கொடுத்த மகளைப் போன இடத்தில் நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்படுவதுபோல இருந்தது. சந்தோஷம்தான். ஆனால் நெஞ்சில் ஏதோ ஒன்று குத்தியது, அது தையலா ஏக்கமா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இதைப் பொறுக்க முடியாதவள் அவள் மகள் ஆவுடை. பாட்டியின் பெயரைச் சுமந்துகொண்டு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிப்பவள், பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போட ஆரம்பித்தால் நிறுத்தம் தாண்டியும் வாதத்தை முடிக்காமல் இறங்க மாட்டாள். அம்மாவுக்காகப் படிப்புக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் கட்சி இது: அம்மாவின் பசிக்கு அம்மா மட்டும்தான் உரிமைக்காரி, அவளைக் கேட்காமல் அதற்கு ஊட்டுவது அவள் உடம்பிலிருந்து எடுத்துத் தின்பதற்குச் சமம், நாளுக்கு நாள் அது கொழுக்கிறது, அம்மா இளைக்கிறாள், இதில் உபசாரம் எங்கே இருக்கிறது. அவளுக்கு எதிர்க்கட்சி பேச்சிமுத்துவின் அக்காள் சொர்ணம். வடிவுக்கு உதவிக்கு வந்து அடுப்படியையும் பூஜை அலமாரியையும் கையில் எடுத்துக்கொண்டவள். பசி என்று வந்து நின்றதை விரட்டச் சொல்கிறாயே, நீ படித்த படிப்பு இதுதானா என்பது அவள் கேள்வி. இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருந்தது. நடுவில் தலையணைகளில் சாய்ந்து கிடந்த வடிவு, இவர்கள் பேசிக்கொண்டிருப்பது யாருடைய பசியைப் பற்றி என்று சில சமயம் மறந்துபோனாள்.

கடைசியில் தெருச் சங்கம் தலையிட்டது. சங்கத் தலைவர் தனுஷ்கோடி, ஓய்வுபெற்ற ஓவர்சியர், எதையும் ஒழுங்குபடுத்தாமல் அவருக்குத் தூக்கம் வராது. பசியை முறை வைத்து அழைப்பது என்று முடிவாயிற்று. திங்கள் இவர்கள், செவ்வாய் இவர்கள், ஒரு வீடு விடாமல் எல்லா வீட்டுக்கும் முறை வரும், யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. முறை வந்த வீட்டில் விருந்து வைத்தார்கள். இலை போட்டார்கள். கூட்டு, பொரியல், ரெண்டு பாயசம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து எத்தனை வகை என்று எண்ணினார்கள். சிதம்பரத்தின் மனைவி இந்த முறை வாழைக்காயை மீன் மாதிரியே வறுத்து வைத்து அது தொடுகிறதா என்றே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

அந்த வாரத்திலேயே பசி காணாமல் போயிற்று. தானாக வந்து உட்கார்ந்ததற்கு, முறை போட்டு அழைத்தது பிடிக்கவில்லை போலும். போட்ட இலை போட்டபடி கிடந்தது.

அது போன கையோடு வடிவுக்கு அந்த நாலு கரண்டி கஞ்சியும் இறங்காமல் ஆயிற்று. அதுவரை தெரியாத ஆளை உள்ளே விடுவதுபோல இருந்தது, இப்போது உள்ளே விடுவதற்கு வீடே இல்லாததுபோல இருந்தது. எடை குறைந்தது. போனில் டாக்டர், இந்த வாரம் பாருங்கள், ஏறவில்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள் என்றார். பேச்சிமுத்து இட்லியை மிக்ஸியில் போட்டு அரைத்தார், அரைத்ததை வடிகட்டினார், வடிகட்டியதைத் திரும்ப அரைத்தார். ஊருக்கே அரைத்துக் கொடுத்த மனுஷனுக்கு, பொண்டாட்டியின் தொண்டையில் இறங்குகிற பதம் மட்டும் பிடிபடவில்லை.

தெரு தேடியது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது, உண்மையாகவே தேடினார்கள். பரணில் பார்த்தார்கள், பூட்டிக் கிடந்த கிட்டங்கிகளைத் திறந்து பார்த்தார்கள், ஓட்டலுக்குப் பின்னால், கல்யாண மண்டபத்துப் பந்தியில், சத்துணவுக் கூடத்தில் எல்லாம் பார்த்தார்கள். ஆட்டோவில் மைக் கட்டினார்கள். கிட்டங்கித் தெருப் பொதுமக்களின் கனிவான கவனத்துக்கு, மில்லுக்கார அக்காவின் பசியைக் கண்டவர்கள் உடனே மாவு மில்லுக்குத் தகவல் சொல்லவும் என்று ஆவுடையே மைக்கைப் பிடித்து, உரிமை பற்றியும் இரண்டு வரி சேர்த்துப் பேசிக்கொண்டு போனாள். ஆட்டோ தெரு முனையிலிருந்து, சாக்கடை ஓடும் வாறுகால் பாலம்வரை போகும், திரும்பும், திரும்ப வரும். ஒரு வீடு விடாமல் தேடியாயிற்று என்று தனுஷ்கோடி அறிவித்தார்.

வாறுகால் பாலத்துக்கு அந்தப் பக்கமும் கிட்டங்கித் தெருதான். நகராட்சித் துப்புரவுப் பணியாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த ஒற்றை வரிசை வீடுகள், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தபால்காரர் அதே தெருப் பெயரைத்தான் வாசித்து அங்கே கடிதம் கொடுக்கிறார், ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் அங்கேயும் கும்பிடுகிறார்கள். அந்த வரிசைக்கு வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை, அதுதான் இதில் விசேஷம். எல்லா வீடும் என்று சொன்னபோது எல்லோருக்கும் எல்லா வீடும் ஞாபகம் வந்தது, அந்த வரிசை மட்டும் வரவில்லை. தனுஷ்கோடிக்கு வரவில்லை. ஆட்டோக்காரருக்கு வரவில்லை. மைக்கில் உரிமை பேசிய ஆவுடைக்கும் வரவில்லை.

அந்த வரிசையில் நடு வீட்டுக் கங்கம்மா ஒரு நாள் கேப்பை அரைக்க மில்லுக்கு வந்தாள். அரைத்த மாவைத் தூக்குவாளியில் தட்டி அமுக்கிக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்டாள்.

"அண்ணாச்சி, மில்லுக்காரம்மாவுக்கு எம்புட்டு வெங்காயம் குடுக்கலாம்? எங்க வீட்ல ஒரு கிலோ வாங்கினா நிக்க மாட்டேங்கு."

பேச்சிமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. வெங்காய விலையைச் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினார். அவள் பாலம் தாண்டிப் போன பிறகுதான், அந்த வெங்காயத்தைத் தின்பது எது என்று உறைத்து, மோட்டாரை நிறுத்திவிட்டு வெறும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் அவர் இதைச் சொன்னார். அந்த வீட்டில் அப்படி ஓர் இடி புற்று என்று டாக்டர் சொன்ன அன்றுகூட விழவில்லை. பிறகு சொர்ணம், ஊர்பட்ட வீடு இருக்கையில் அங்கே போய் என்னத்துக்கு உட்கார்ந்திருக்கிறது என்று, பசி ஏதோ வேண்டுமென்றே அவளை அவமானப்படுத்தியதுபோலக் கேட்டாள். அவளே ஒரு வழியும் சொன்னாள். கங்கம்மா அதைக் கூட்டிக்கொண்டு நம் வாசல்வரை வந்து விடட்டும், அங்கிருந்து நாம் உள்ளே கூட்டிக்கொள்வோம். பேச்சிமுத்து அதையும் போய்ச் சொன்னார், பாவம். கங்கம்மா சிரித்திருக்கிறாள். அது கன்னுக்குட்டியா அண்ணாச்சி, கயித்தக் கட்டி இழுத்துட்டு வர, வேணுங்கிறவங்க வந்து கூப்பிடணும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆவுடை மூலையில் உட்கார்ந்திருந்தாள். மைக்கை நான்தான் பிடிச்சிருந்தேன் என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். ஆனால் அவளால் வெகுநேரம் குனிந்த தலையோடு இருக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் எழுந்து, இதை இப்படி விடக் கூடாது, பல்கலைக்கழகத்திலிருந்து தோழிகளைக் கூப்பிடுகிறேன், தெருவையே கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம், படம் எடுப்போம், போடுவோம் என்று கையை வீசி நடந்துகொண்டே திட்டம் போட்டாள். சொர்ணம் காதைப் பொத்திக்கொண்டு, அப்படி ஒன்று நடந்தால் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவேன் என்றாள். போங்களேன் அத்தை என்றாள் ஆவுடை. பேச்சு வளர்ந்தது. ஒருத்தி சாஸ்திரம் என்றாள், ஒருத்தி சட்டம் என்றாள்.

"ஏட்டி," என்றாள் வடிவு, அந்தத் தேய்ந்த குரலில். "நான் சாப்பிடணுமா, கூட்டம் போடணுமா?"

இருவரும் திரும்பினார்கள்.

"ஒண்ணு சொல்லுங்க. ரெண்டும் எனக்கு ஏலாது."

வடிவு கட்டிலை விட்டு இறங்கி, வயிற்றுக் குழாயைச் சுருட்டிப் பிளாஸ்திரியில் ஒட்டி, அதன்மேல் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தாள். தான் பசியைக் கூப்பிடத்தான் போகிறோமா, இல்லை இந்த இரண்டு குரல்களிடமிருந்து தப்பிப் போகிறோமா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. கங்கம்மா சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று ஒரு எட்டும், உண்மையாக இருக்கட்டும் என்று அடுத்த எட்டுமாக நடந்தாள்.

நல்ல மத்தியான வெயில். அவள் மில்லைத் தாண்டினாள், ஜன்னத் வீட்டைத் தாண்டினாள், தைலா வீட்டைத் தாண்டினாள், பாலத்தில் ஏறினாள். ஒரு பசி உடம்பை விட்டு இறங்கித் வீடுவீடாகப் போய் மீன் குழம்பு தின்றபோது கண்ணைக்கூடச் சிமிட்டாத அந்தத் தெரு, அன்றைக்குத்தான் வாயைப் பிளந்தது. ஜன்னல்கள் திறந்தன. சிதம்பரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மில்லுக்கார அக்கா கடைசி வரிசைக்குள் போகிறாள், அதுவும் சாப்பாட்டு நேரத்தில். இப்படியும் உலகத்தில் நடக்குமா என்று தைலா கேட்டாள், கேட்டவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பெஞ்சமின், உடம்புக்கு முடியாதவர்களுக்குப் புத்தி கொஞ்சம் பிசகும், பார்த்திருக்கிறேன் என்றார். தனுஷ்கோடி மட்டும், நடைப்பயிற்சிக்குப் போகிறாள், டாக்டர் சொல்லியிருப்பார் என்று அறிவித்தார். அந்த விளக்கம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. இன்றுவரை கிட்டங்கித் தெருவில் அதற்குப் பெயர் நடைப்பயிற்சிதான்.

கங்கம்மாவின் வீடு ஒரே அறை, பக்கத்தில் சாய்ப்பு இறக்கிய அடுப்படி. வடிவு வாசலில் நின்று உள்ளே பார்த்தாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் சுமந்திருந்தும் அவள் அதை முதல்முறையாகப் பார்ப்பது அப்போதுதான். அவள் முகம் அதற்கு இல்லை, முகம் என்றே ஒன்று இருந்ததா என்று பிறகு கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் இடது முழங்காலைத் தூக்கி வைத்திருந்த விதம் அவளுடையது. நன்றாகக் கொழுத்திருந்தது. அவளைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. இது எப்படித் திரும்ப எனக்குள் போகும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது, உள்ளே இருப்பதோ ஒரு வாழைப்பழத்தின் அளவே ஆன இரைப்பை, இது பழைய வீட்டு அளவுக்கு வளர்ந்தது.

"வா," என்றாள் வடிவு.

அது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சோத்து நேரத்துல கூப்பிட்டா எந்திச்சு வருமா?" என்றாள் கங்கம்மா. களியைத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள், திரும்பக்கூட இல்லை. "உள்ள வாங்க. வெயில்ல நிக்காதிய."

வடிவு உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். சாய்ந்து உட்கார்ந்தால்தான் அவளால் முடியும். கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எதற்கு வந்தோம், எதைக் கேட்பது என்று எல்லாம் கலங்கிப் போய், வாயில் வந்ததைக் கேட்டாள்.

"எனக்கும் கொஞ்சம் போடுதியா?"

கங்கம்மா துடுப்பை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"போடுதேன். எங்க வீட்டாளு டூட்டி முடிஞ்சு வந்து குளிச்சிட்டு இருக்காரு. அவரு சாப்பிடட்டும். மருமக சாப்பிடட்டும். அப்புறம் போடுதேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க மில்லுல எங்க கேப்பைய எப்ப அரைப்பிய? எல்லாரு மாவும் அரைச்சு முடிஞ்சு, கல்லக் கழட்டித் துடைக்கதுக்கு முன்னாடி. முதல்ல வந்தாலும் நான் கடைசிலதான நிப்பேன். நீங்களும் இருங்க. ஒண்ணும் ஆயிராது."

அது நான் வைத்த வழக்கமில்லை, மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான் என்று வடிவு சொல்ல நினைத்தாள். அவள் குரலுக்கு அத்தனை நீளம் வராது. வந்திருந்தாலும் சொல்லியிருப்பாளா என்று தெரியவில்லை.

காத்திருந்தாள். கங்கம்மாவின் கணவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, வடிவைப் பார்த்துத் திகைத்து, மனைவியைப் பார்த்து, பிறகு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். களியை விரலால் பிய்த்துக் குழம்பில் முக்கி மெல்லாமல் விழுங்கினார். இன்னும் கொஞ்சம் குழம்பு என்றார். மருமகள் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் சாப்பிட்டாள், குழந்தையின் வாயிலும் ஒரு பொட்டுத் தடவினாள். அந்தப் பக்கம் பசியும் காத்திருந்தது. அதற்கும் கடைசியில்தான் போலிருக்கிறது, முணுமுணுக்கவில்லை. முறை வைத்த வீடுகளில் முதல் இலையில் உட்கார்ந்த பசி இங்கே சட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சட்டி சுரண்டப்படும் ஒவ்வொரு தடவையும் அது லேசாக முன்னால் சாய்ந்தது. வடிவு தானும் சாய்வதைக் கவனித்தாள். எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. இருக்காதோ என்று இன்னொன்று. காதுக்குக் கீழே, தாடையின் மூலையில் எதுவோ சுருக்கென்று இழுத்தது, வாயெல்லாம் ஈரமாயிற்று. வாந்தி வரப்போகிறது என்று பயந்துபோய் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"என்ன செய்யி?" என்றாள் கங்கம்மா.

"தெரியலையே."

"வலிக்கா?"

"இல்ல. என்னமோ."

கங்கம்மா விளிம்பு நசுங்கிய ஒரு எவர்சில்வர் தட்டில், எலுமிச்சங்காய் அளவு களியை வைத்து, அதன் தலையில் குழியிட்டுக் குழம்பை ஊற்றி அவள் முன்னால் தள்ளினாள். ஆஸ்பத்திரியில் உப்பு, காரம், கருவாடு எல்லாவற்றையும் வேண்டாம் என்றிருந்தார்கள். வடிவு ஒரு கிள்ளு எடுத்து வாயில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். விழுங்கியபோது அது தைத்த இடத்தில் போய் நின்றது, கதவு தட்டுவதுபோல நின்றது, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாவதை எடுத்தாள். பசி தன் இடத்திலிருந்து நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மூன்றாவதை எடுக்கும்போது தட்டில் இன்னொரு கை இருந்தது.

"போதும்மா, ஒரேடியா வேண்டாம்," என்றாள் கங்கம்மா. "மிச்சத்த அது தின்னட்டும்."

வடிவு தட்டை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"அத தள்ளி உக்காரச் சொல்லு. இது என் தட்டு."

கங்கம்மா குழம்புச் சட்டியை எடுத்து மூடி ஓரமாக வைத்தாள்.

"தட்டு என்னுது, மில்லுக்காரம்மா. தின்னுட்டுக் கழுவி வச்சிட்டுப் போங்க."

குழாயை எடுத்ததெல்லாம் அதற்கு அப்புறம், எத்தனையோ மத்தியானங்கள் நடைப்பயிற்சி போய் வந்த பிறகு. சொர்ணம் சொன்னபடியே பஸ் ஏறி, ஏறிய வேகத்தில் திரும்பி வந்து, கேட்காமலே கங்கம்மா வீட்டுக்கு ஒரு தூக்குவாளியில் ரசம் ஊற்றிக் கொடுத்தனுப்பிய பிறகு. எடையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட டாக்டர், பசி வந்துவிட்டதா அம்மா என்று கேட்டதற்கு, அது இருக்கிறது, எங்கே என்றுதான் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று வடிவு சொன்னாள். அவர் அதைச் சிரிப்புக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். ஆவுடைதான் பக்கத்தில் நின்றாள், வாதாட வாயெடுத்து, யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

கங்கம்மா வீட்டில் அந்த முதல் நாள் வடிவு களியை வழித்துத் தின்றாள். குழம்பை விரலால் துடைத்தாள். எழுந்தபோது தலை சுற்றியது, வேர்த்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது, அது மருத்துவர்கள் எச்சரித்திருந்த படபடப்பா வேறெதுவுமா என்று பார்க்க அவளுக்கு அப்போது நேரமில்லை. வரிசைக்கே பொதுவான குழாயடியில் குனிந்து, வயிற்றுத் தையல் இழுக்க இழுக்க, நசுங்கிய தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மற்ற வீட்டுப் பெண்கள் குடத்தோடு நின்று பார்த்தார்கள், யாரும் வாங்கித் தேய்க்க முன்வரவில்லை. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பின்னால் அது நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. இன்னும் கொஞ்சம் களி இருக்குமா என்று கேட்கலாமா, கேட்டால் கங்கம்மா என்ன சொல்வாள் என்று தெரியாமல், ஈரக் கையோடு வெயிலில் நின்றாள்.